தேடல் திறனுக்குப் புள்ளி போடும்போது

கற்பித்தல் பயிற்சிக்கு எங்கள் பாடசாலைக்கு வந்திருக்கும் இரண்டு பேர் போன கிழமை தரம் 9 ஒப்படைகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். கலர் பிரிண்டும் பிளாஸ்டிக் கவருமாக வந்தவை ஒரு பக்கம், மற்றவை இன்னொரு பக்கம். பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய என்னையே பார்த்த மாதிரி இருந்தது. திகதி போட வையுங்கள், பெயர் எழுத வையுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது அவர்களுக்கே தெரியும். தேடல் திறனைக் கணிக்கும்போது நாம் விடும் பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

முடிந்த ஒப்படைக்கு மட்டும் புள்ளி போடுவது

அன்று நான் கொடுத்த தலைப்பு மட்டக்களப்புக் கோட்டை. பிள்ளைக்குத் தகவலைத் தேடி, ஒப்பிட்டு, சரிபிழை பார்க்கத் தெரிகிறதா என்று கணிப்பதுதான் நோக்கம். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே பந்தி, அதே எழுத்துப்பிழையோடு. எல்லாம் சந்தியில் இருக்கும் கொமினிகேசனில், அதாவது இணையத்தில் தேடி பிரிண்ட் எடுத்துக் கொடுக்கும் கடையில், எடுத்த பிரிண்ட். பார்க்க வடிவாக இருந்தது. 8, 9 என்று போட்டேன்.

ஒரு பையன் மட்டும் கொப்பித் தாளில் கிறுக்கலாக ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். ஊரில் ஒல்லாந்தர் கோட்டை என்கிறார்கள். புத்தகத்தில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது என்று இருக்கிறது. அப்படியானால் ஏன் ஒல்லாந்தர் பெயர்? இந்தக் கேள்வியோடு நிறுத்திவிட்டான். நான் சிவப்புப் பேனாவால் ‘முடிவுரை இல்லை’ என்று எழுதி 4 போட்டேன். நான் தேடிய திறன் அந்த வகுப்பில் அவனிடம்தான் இருந்தது. அடுத்த ஒப்படைக்கு அவனும் கொமினிகேசனுக்குப் போனான். இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல்தான், என் மேல்.

இப்போது ஒப்படையோடு அரைத்தாள் ஒன்றும் கேட்கிறேன். என்ன சொல் போட்டுத் தேடினாய், எதைத் திறந்தாய், எதை விட்டாய், ஏன் விட்டாய்? பத்தில் ஆறு புள்ளி அதற்கு. சந்தேகம் வந்தால் மேசைக்குக் கூப்பிட்டு, “இந்த வரி எங்கே எடுத்தது?” என்பேன். கடைக்காரர் தேடிக் கொடுத்ததென்றால் முகத்திலேயே தெரிந்துவிடும்.

போன் இல்லாத பிள்ளையை மறப்பது

வீட்டுக்குக் கொடுத்தால் யாரிடம் டேட்டா இருக்கிறது என்பதைத்தான் அளப்பீர்கள். மட்டக்களப்பைத் தாக்கிய 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றி ஒரு பத்திரிகைத் துண்டு, ஒரு விக்கிப்பீடியாப் பக்கம், ஒரு பேஸ்புக் பதிவு. மூன்றையும் போட்டோக்கொப்பி எடுத்து வகுப்பிலேயே கொடுங்கள். எதை நம்புவாய், ஏன்? ஒரு பாடவேளை போதும். “அம்மம்மா வேறு மாதிரிச் சொன்னா, சேர்” என்று யாராவது எழும்பினால் மணி அடித்தாலும் விடாதீர்கள்.

‘தேடத் தெரியுமா?’ என்று கேட்டுப் பார்ப்பது

எல்லோரும் கை உயர்த்துவார்கள்.

மூலம்: ‘கூகுள்’ என்று எழுதியதை ஏற்பது

திருப்பிக் கொடுங்கள்.