ஆட்டுக்குப் பூச்சி மருந்து (குடற்புழு நீக்க மருந்து): புதிதாக வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பருவமழை பிடித்துப் பத்துப் பதினைந்து நாள் ஆனதும் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "சார், பூச்சி மருந்து போன வாரம்தான் கொடுத்தேன், ஆடு இன்னும் தலை தூக்கலை." புதிதாகப் பட்டி போட்டவர்கள் வருடா வருடம் மாறுகிறார்கள், தவறு மட்டும் மாறவில்லை. காலாவதி மருந்து, அழுக்குத் தண்ணீர்த் தொட்டி போன்றவற்றை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கண்ணளவில் எடை, மூடி அளவில் மருந்து

இதைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இன்றும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

திண்டுக்கல் பக்கம் ஒரு தம்பி தலைச்சேரி ஆடுகள் 60 வைத்திருந்தார். நல்ல பரண் கொட்டகை, நல்ல தீவனம். மழை விட்டதும் ஆடுகள் ஒன்றொன்றாகச் சோர்ந்தன. கழிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. நான் போனபோது ஒரு பெட்டை ஆட்டுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெளுத்துக் கிடந்தது. அன்று காலை செத்த ஆட்டைத் திறந்தோம். நான்காம் இரைப்பையின் உள்சுவர் முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல் போலப் புழுக்கள், இன்னும் நெளிந்துகொண்டிருந்தன. ஹீமாங்கஸ். இரத்தம் குடிக்கும் உருளைப்புழு.

"மருந்து கொடுத்தேனே சார்" என்று பாட்டிலை எடுத்துவந்து காட்டினார். 2.5 சதவீத அல்பெண்டசோல், ஒரு லிட்டர். பாதிக்கு மேல் மீதி இருந்தது. அதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

கணக்கு எளிது. அந்த மருந்தில் ஒரு மில்லிக்கு 25 மில்லிகிராம். வெள்ளாட்டுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வேண்டும். 25 கிலோ ஆட்டுக்கு 10 மில்லி. 60 ஆட்டுக்கு 600 மில்லி போயிருக்க வேண்டும். அவர் குட்டிக்கும் கிடாவுக்கும் சேர்த்து ஆளுக்கு 5 மில்லி ஊற்றியிருந்தார். 40 கிலோ கிடாவுக்கு 16 மில்லி வேண்டிய இடத்தில் 5. அந்த 5 எங்கிருந்து வந்தது? பாட்டிலில் செம்மறிக்குப் போட்டிருந்த அளவு. வெள்ளாட்டின் ஈரல் இந்த மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடும். அதனால்தான் வெள்ளாட்டுக்கு அளவு கூடுதல்.

குறைந்த அளவு என்றால் பாதிப் புழுவாவது சாகுமே என்று நினைப்பார்கள். சாவது பலவீனமான புழுதான். மருந்தைத் தாக்குப்பிடிக்கும் புழு மிஞ்சி, அது மட்டும் முட்டையிடும். ஒரு பெண் புழு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். ஈரமும் வெப்பமும் இருந்தால் ஒரு வாரத்தில் அந்த முட்டைகள் தொற்றும் புழுக்களாகிப் புல்லில் ஏறிவிடும். ஆடு மேய்ந்து மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறை முட்டையிடத் தொடங்கும். இப்படிச் சில மழைக்காலம் போனால் முழு அளவு கொடுத்தாலும் கேட்காது. அப்புறம் கடைக்குப் போய் வேறு கம்பெனி மருந்து வாங்கிவருவார்கள். அதில் இருப்பது ஃபென்பெண்டசோல். அல்பெண்டசோலும் அதுவும் ஒரே குடும்பம். ஒன்று கேட்காத புழுவிடம் மற்றதும் பலிக்காது. தமிழ்நாட்டுப் பண்ணைகளில் இந்தக் குடும்ப மருந்துகளுக்குப் புழுக்கள் கட்டுப்படாமல் போனது ஆய்வுகளிலேயே பதிவாகியிருக்கிறது.

சரி, அளவைக் கூட்டிவிடலாம் என்று எல்லா மருந்தையும் இரட்டிப்பாக்கவும் கூடாது. லெவமிசோல் கொஞ்சம் மிஞ்சினாலே வாயில் எச்சில் வடிந்து, உடல் நடுங்கி ஆடு விழும். குளோசாண்டல் அளவு மீறினால் கண் பார்வை போய்விடும். மருந்துக்கு மருந்து கணக்கு வேறு. உங்கள் கால்நடை மருத்துவரிடம் மில்லி கணக்கில் எழுதி வாங்குங்கள்.

எடை போட ஒரு தொங்கு தராசும் சாக்கும் போதும். அதுவும் இல்லையென்றால் தையல் டேப். முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள்பட்டை முனையிலிருந்து பின்பக்க எலும்பு வரை நீளம், இரண்டையும் அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 24, நீளம் 22 என்றால் சுமார் 19 கிலோ. தோராயம்தான், ஆனால் கண்ணளவைவிட எவ்வளவோ மேல். பாட்டில் மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊசி கழற்றிய சிரிஞ்சில் அளந்து, நாக்கின் பின்பக்கம் மெதுவாக விடுங்கள். தலையை அண்ணாந்து பிடித்தால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும்.

எல்லா ஆட்டுக்கும், மாதம் தவறாமல்

பட்டியில் உள்ள புழுக்களில் பெரும்பகுதி ஒரு சில ஆடுகளின் வயிற்றில்தான் இருக்கும். திடமான ஆட்டுக்கும் சேர்த்து மாதாமாதம் ஊற்றினால் மருந்து படாத புழுவே மிஞ்சாது, எதிர்ப்பு பெற்றது மட்டும் பெருகும். தென்னாப்பிரிக்காவில் இதற்காகவே ஃபமாச்சா என்ற வண்ண அட்டையை உருவாக்கினார்கள். கீழ் இமையின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை எண் கொடுப்பது. 4, 5 என்றால் மருந்து கட்டாயம். 3 என்றால் குட்டி, சினை, மெலிந்த ஆடுகளுக்குக் கொடுக்கலாம். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இது இரத்தம் குடிக்கும் புழுவுக்கு மட்டும்தான் உதவும், மற்ற புழுக்களை இமை காட்டாது.

மருந்து கொடுத்த கையோடு புது மேய்ச்சல்

"சுத்தமான காட்டுக்கு மாற்றிவிட்டேன்" என்பார்கள். மருந்துக்குத் தப்பிய புழுவை மட்டும் கொண்டுபோய்ப் புது நிலத்தில் விதைப்பது அது. எல்லா ஆட்டுக்கும் ஒன்றாகக் கொடுத்திருந்தால் இன்னும் மோசம்.

பனியில் மேய்ச்சல்

வெயில் ஏறிப் புல் காய்ந்தபின் ஓட்டுங்கள். புல்லை மொட்டையாக மேய விடாதீர்கள், புழு தரையை ஒட்டியே இருக்கும்.

கழிச்சல் என்றாலே பூச்சிதான்

ஒன்றிரண்டு மாதக் குட்டி இரத்தமாகக் கழிந்தால் பெரும்பாலும் காக்சிடியா. அது குடலைத் தாக்கும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி, புழுவே இல்லை, பூச்சி மருந்துக்கு அசையாது. இன்னொன்று, புழுக்கையில் அரிசி போல வெள்ளைத் துண்டு தெரிந்தால் பதறுகிறார்கள். அது நாடாப்புழுத் துண்டு, அவ்வளவு ஆபத்தில்லை. ஆட்டைக் கொல்லும் புழு வெளியே கண்ணுக்குத் தெரியாது.

சினை பிடித்த புதிதில் அல்பெண்டசோல்

கூடாது. கரு ஊனமாகும்.

சந்தை ஆட்டை நேராகப் பட்டியில் சேர்ப்பது

அடுத்தவர் பட்டியில் மருந்துக்கு மசியாத புழு உங்கள் பட்டிக்கு இப்படித்தான் வருகிறது. தனியாகக் கட்டுங்கள். மருந்து கொடுத்துப் பத்துப் பதினான்கு நாள் கழித்துப் புழுக்கையைச் சோதித்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். தரையில் கிடப்பதைப் பொறுக்காமல், ஆடு போடும்போதே ஒரு கைப்பிடி பாலித்தீன் பையில் பிடித்து அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். மருந்துக்கு முன்பும் பின்பும் முட்டை எண்ணிக்கையை ஒப்பிட்டால், 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் தோற்றுவிட்டது.

பட்டி நாயையும் பிள்ளைகளையும் மறப்பது

ஆடு அறுத்தால் நீர்க்கட்டி உள்ள ஈரல், நுரையீரலை நாய்க்கு வீசுகிறார்கள். அந்தக் கட்டிக்குள் இருப்பது நாயின் குடலில் வளரும் நாடாப்புழுவின் இளம் பருவம். நாய்க் கழிவில் வரும் முட்டை கையில் ஒட்டி மனிதன் வாய்க்குப் போனால் மனிதனின் ஈரலிலும் நுரையீரலிலும் அதே கட்டி வளரும், அறுவை சிகிச்சை வரை போகும். அந்த உறுப்புகளை எரியுங்கள், அல்லது நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள். நாய்க்கு நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல் வேண்டும். நாய்க்குட்டிகளுக்கோ தாய் வயிற்றிலேயே உருளைப்புழு வந்துவிடும், அதனால் இரண்டாவது வாரத்திலேயே மருந்தைத் தொடங்க வேண்டும்.

பட்டியில் விளையாடும் பிள்ளைகளுக்கு ஆட்டு மருந்தை ஊற்றுபவர்களைக்கூடப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். 2015 முதல் நடக்கும் தேசிய குடற்புழு நீக்க நாளில், அதாவது பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி, அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். 400 மில்லிகிராம், ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் பாதி. அன்று பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அடுத்து வரும் விடுபட்டோர் நாளில் வாங்கிக் கொடுங்கள்.