பல்லடத்து வெயிலில் லெதர்லீஃப் பெரணி வளர்க்கும் முறை

பொக்கே கட்டும்போது ரோஜாவுக்குப் பின்னால் முக்கோணமாக, விறைப்பாக ஒரு பச்சை இலை வைப்பார்களே, அதுதான் லெதர்லீஃப் பெரணி. நர்சரியில் முழுப் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். வெறும் ஃபெர்ன் என்றால் பாஸ்டன் ஃபெர்னைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள்.

முதலில் இடம். நேர் வெயில் ஆகாது. ஃப்ளோரிடாவில் பியர்சன் ஊரைச் சுற்றி விற்பனைக்கு வளர்ப்பவர்களும் நிழல்வலைக்குள்ளோ பெரிய மரங்களின் அடியிலோதான் வளர்க்கிறார்கள். வடக்குச் சுவரோரம் வைத்தால் போதும் என்று நானும் நினைத்தேன். ஆனால் சித்திரையிலிருந்து ஆடி வரை நம் பக்கம் பொழுது வடக்கே சாய்ந்து போகும். அந்தச் சுவரிலும் வெயில் விழும். 75 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள். மேற்கே ஒரு தடுப்பும் வேண்டும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று இலையை முறுக்கிக் காயவைத்துவிடும். புரட்டாசி, ஐப்பசியில் நட்டால் காற்று அடங்கியிருக்கும், மழையும் துணைக்கு வரும்.

சட்டி வாய் அகன்று, ஆழம் குறைந்து இருக்கட்டும். என் தேர்வு மண்சட்டிதான். புது சிமென்ட் தொட்டி வேண்டவே வேண்டாம், சுண்ணாம்பு கசியும். இந்தச் செடிக்கு மண்ணில் லேசான அமிலத்தன்மை வேண்டும், பி.எச். 5.5 முதல் 6.5 வரை. சுண்ணாம்பு கலந்த சுக்காங்கல் கிடக்கும் நம் தோட்டத்து மண் சரிப்படாததும் அதனால்தான். தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு, கரித்துண்டு ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். நார்த்தூளில் உப்பு இருக்கும்; மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும்.

அப்புறம் நடவு. இந்த இடத்தில்தான் இரண்டு செடிகளை இழந்தேன். கொடுமுடியில் அப்பாரு தோட்டத்தில் மஞ்சள் ஊன்றிப் பழகிய கை. கிழங்கு என்றாலே மண்ணுக்குள் வைத்து மூட வேண்டும் என்று பதிந்துபோயிருந்தது. பெரணியின் கிழங்கையும் இரண்டு விரல் ஆழத்தில் புதைத்து அழுத்திவிட்டேன். மூன்றாம் வாரம் இலைகள் பழுத்தன. தண்ணீர் போதவில்லை போல என்று இன்னும் ஊற்றினேன். தோண்டிப் பார்த்தால் கிழங்கு கொழகொழவென்று அழுகிக் கிடந்தது.

பெரணியின் கிழங்கு மண்மேல் ஊர்ந்து போவது. கீழ்ப்பாதி மட்டும் கலவையில் பதியட்டும். செம்பட்டை முடி மாதிரி செதில் மூடிய மேற்பாதி வெளியே தெரிய வேண்டும். சட்டியின் நடுவில் நடாதீர்கள். ஓரத்தில் வைத்து, வளரும் நுனியை நடுப்பக்கம் திருப்பி வையுங்கள். அது ஊர்ந்து போக முன்னால் இடம் வேண்டும். ஆடாமல் இருக்க, பச்சை ஈர்க்கை வளைத்துக் கிழங்கின் மேல் கவ்வினாற்போல் குத்துங்கள். பிரித்து நடும் ஒவ்வொரு துண்டிலும் ஒரு வளரும் நுனியும் இரண்டு மூன்று இலையும் இருக்க வேண்டும். எனக்கு முதல் இளஇலைச் சுருள் எட்டிப் பார்க்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை கிளறிப் பார்க்காதீர்கள்.

தண்ணீர் காலையில் ஊற்றுங்கள். கலவை ஈரமாக இருக்கட்டும், தேங்கக் கூடாது. போர் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதா? அப்படியானால் இதற்கு ஊற்ற வேண்டாம், நுனி கருகும். மழைத் தண்ணீரோ ஆற்றுத் தண்ணீரோ நல்லது. வேறு வழியில்லாமல் போர் தண்ணீர் ஊற்றினால், வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரை அடியில் வழியும்வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள்.

ஜாடியில் வைக்க இலை வெட்டும்போது, கரும்பச்சையாகித் தடித்ததை மட்டும் எடுங்கள். அது இரண்டு வாரம் நிற்கும். வெளிர்பச்சை இளசு அன்றைக்கே துவண்டுவிடும்.

பின்சேர்க்கை: இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளி வந்திருக்கிறது, பூச்சியா என்று இதைப் படித்த மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் வேப்பெண்ணெயே அடித்துவிட்டார். அவை வித்துப்பொதிகள், நோய் இல்லை. நரம்பின் இரு பக்கமும் ஒரே அளவில், வரிசையாக இருக்கும். செதில்பூச்சி என்றால் வரிசை இருக்காது, காம்பிலும் ஏறியிருக்கும். மருந்தை எடுக்கும் முன் இலையைத் திருப்பி அந்த வரிசை தெரிகிறதா என்று பாருங்கள்.