ஆய்வுத் திட்டங்களின் நிதி நிலையைச் சீராகப் பதிவது எப்படி?

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் தகவல் அமைப்பில் 'நிதி நிலை' என்ற நெடுவரிசையை மட்டும் பாருங்கள். 'ஒப்புதல்', 'ஒப்புதல் ஆனது', 'கிடைத்தது', 'நடப்பில்', 'முடிந்தது' என்று ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருப்பார்கள். "இப்போது எத்தனை திட்டங்கள் நடக்கின்றன?" என்று பதிவாளர் கேட்டால் இதை வைத்துப் பதில் சொல்ல முடியாது.

படி 1: இருப்பதை எண்ணுங்கள்

தரவை சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) இறக்கி, ஓப்பன்ரிஃபைனில் திறந்துகொள்ளுங்கள். தரவைச் சுத்தம் செய்ய உதவும் இலவச மென்பொருள்தான். முதலில் அந்த நெடுவரிசைக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் மட்டும் கை வையுங்கள். அந்த நெடுவரிசையின் மெனுவில் டெக்ஸ்ட் ஃபேசட் கொடுத்தால் எந்தச் சொல் எத்தனை வரிசைகளில் இருக்கிறது என்று இடப்பக்கம் பட்டியல் வரும். கிளஸ்டர் பொத்தான் எழுத்துப்பிழைகளை ஒன்றுசேர்த்துக் காட்டும்.

படி 2: கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள்

பெரும்பாலான குழப்பம் இங்கேதான். விண்ணப்பம் என்ன ஆனது என்பது ஒரு கேள்வி, திட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் திணித்தால், திட்டம் முடிந்ததும் 'ஒப்புதல்' அழிந்து 'முடிந்தது' வந்து உட்கார்ந்துவிடும்.

அதனால் இரண்டு நெடுவரிசைகள் வையுங்கள். விண்ணப்பத்துக்கு: சமர்ப்பித்தது, பரிசீலனையில், ஒப்புதல், நிராகரிப்பு, திரும்பப் பெற்றது. திட்டத்துக்கு: தொடங்கவில்லை, நடப்பில், முடிந்தது, இடையில் நிறுத்தம். முதலாவது 'ஒப்புதல்' என்றிருந்தால் மட்டுமே இரண்டாவதை நிரப்ப வேண்டும்.

வெளியிலிருந்து தரவு எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் ஆய்வுத் திட்டங்களின் தரவுத்தளமான கோர்டிஸில் திட்டங்களுக்கு சைன்டு (கையெழுத்தானது), குளோஸ்டு (மூடப்பட்டது), டெர்மினேட்டட் (இடையில் முறிந்தது) என்ற நிலைகள் உண்டு. முடிவுத் தேதி கடந்த திட்டம்கூட அதில் சைன்டு என்றே நிற்கலாம். அது ஒப்பந்தத்தின் நிலை, ஆய்வின் நிலை அல்ல. சைன்டு எல்லாவற்றையும் 'நடப்பில்' என்று மாற்றினால் கணக்கு உதைக்கும்.

படி 3: பொருத்த அட்டவணை

பழைய சொல், புதிய சொல், காரணம் என மூன்று நெடுவரிசைகள் போதும். 'முடிந்தது' போன்ற இரட்டை அர்த்தச் சொற்களுக்கு அனுமதி ஆணையை எடுத்துப் பாருங்கள். அதிலும் பிடிபடாவிட்டால் 'தெரியவில்லை' என்றே போடுங்கள். ஊகித்து நிரப்புவதைவிட அது எவ்வளவோ மேல்.

படி 4: தேதியோடு சேருங்கள்

ஆய்வுத் தகவலை எப்படி அடுக்கிப் பதிவது என்று வரையறுக்கும் செரிஃப் தரவு மாதிரியில் (இதை யூரோகிரிஸ் அமைப்பு பராமரிக்கிறது), ஒரு திட்டத்துக்கு ஒட்டும் ஒவ்வொரு வகைப்பாட்டுக்கும் (நிலையும் அப்படி ஒன்றுதான்) தொடக்க, முடிவுத் தேதிகள் உண்டு. நிலை மாறினால் பழைய வரியை அழிக்க வேண்டாம். அதற்கு முடிவுத் தேதி போட்டு, புது வரி சேர்க்கலாம். 2023 மார்ச்சில் என்ன நிலை என்று தணிக்கையில் கேட்டால் அப்படியே எடுத்துக் கொடுத்துவிடலாம்.

படி 5: வாசலை மூடுங்கள்

இனி யாரும் தட்டச்சு செய்யக் கூடாது, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க மட்டுமே வழி இருக்கட்டும். அப்புறம், 'நடப்பில்' என்றிருந்தும் முடிவுத் தேதி கடந்துபோன திட்டங்களை மாதம் ஒருமுறை வடிகட்டி, அந்தந்த ஆய்வாளருக்கு அனுப்புங்கள். கூடுதல் நிதியின்றிக் கால நீட்டிப்பு வாங்கியிருந்தால், திட்டத்தின் முடிவுத் தேதியை மட்டும் மாற்றுங்கள். நிலையைத் தொட வேண்டாம்.