ஜோடியாகப் பானை வனையப் போகிறீர்களா? முதல் வகுப்புக்கான செய்முறை

பணம் கட்டும் முன்பே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ஆளுக்கொரு சக்கரம் உண்டா? ஒரே சக்கரத்தில் நாலு கை வைப்பது போட்டோவுக்கு அழகு. மண்ணுக்கு ஆகாது. இருவர் இரண்டு பக்கம் அழுத்தினால் அது நடுவில் நிற்கவே நிற்காது. புதுச்சேரியில் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மட்பாண்டக் கூடத்தைத் தொடங்கிய ரே மீக்கர், டெபோரா ஸ்மித் கணவன் மனைவிதான். ஜோடியாக மண்ணைத் தொடுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல.

நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். துப்பட்டா வேண்டாம், சக்கரத்தில் மாட்டும்.

1. பிசைதல்
சப்பாத்தி மாவைப் போல மடித்து மடித்துப் பிசையாதீர்கள், காற்று உள்ளே அடைபடும். உள்ளங்கையால் முன்னே தள்ளி, உருட்டி இழுத்து, மறுபடி தள்ளுங்கள். முதல் நாளுக்கு அரைக் கிலோ மண் போதும்.

2. நடுவில் நிறுத்துதல்
வகுப்பில் பாதி நேரம் இதற்கே போகும், போகட்டும். உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் ஓங்கி வையுங்கள். கையையும் மண்ணையும் நனைத்து, சக்கரத்தை வேகமாக விடுங்கள். இடது முழங்கையைத் தொடையில் ஊன்றி, உள்ளங்கையால் பக்கவாட்டில் அழுத்துங்கள். வலது கை மேலிருந்து அமுக்கட்டும். பலம் தோளிலிருந்து வரக்கூடாது, உடம்பே சாய்ந்து கொடுக்க வேண்டும். கூம்பாக மேலே ஏற்றி, மறுபடி கீழே அமுக்குங்கள். இரண்டு மூன்று முறை. கையை எடுக்கும்போது மெல்ல எடுங்கள், வெடுக்கென்று எடுத்தால் மண் விலகிவிடும். விரல் நுனியை லேசாக வைத்துப் பாருங்கள்: விரல் ஆடினால் இன்னும் நடுவுக்கு வரவில்லை.

துணை உதவுவது இங்கேதான். வனைபவருக்குத் தெரியாத ஆட்டம் பக்கத்தில் நிற்பவருக்குப் பளிச்சென்று தெரியும். “முழங்கை தூக்குது பாரு” என்று சொன்னால் போதும், கையை நீட்ட வேண்டாம்.

3. குழித்தல்
கட்டைவிரல்களை நடுவில் இறக்குங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். ஊசியால் குத்தி ஆழம் பார்க்கலாம். பிறகு அடிப்பகுதியை விரலால் அழுத்தித் தேயுங்கள். இதை விட்டால் காயும்போது அடியில் விரிசல் விடும்.

4. சுவர் ஏற்றுதல்
வேகத்தைக் குறையுங்கள். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. அடியிலிருந்து விளிம்பு வரை நிறுத்தாமல், சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்ப நிதானமாக ஏற்றுங்கள். உள்ளே தேங்கும் தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள், இல்லையேல் அடி தொளதொளத்துவிடும். மூன்று முறை ஏற்றியதும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். “இன்னும் கொஞ்சம் மெலிசாக்கலாமே” என்று சொல்லும் துணையை நம்பாதீர்கள். சரிந்த கிண்ணங்களில் பாதி இந்த ஆசையில் சரிந்தவை.

5. அறுத்தெடுத்தல்
கம்பியை இழுத்துப் பிடித்து, அடியோடு ஒட்டி அறுங்கள். கொஞ்சம் இறுகியதும் அடியில் பெயரின் முதலெழுத்தைக் கீறிவிடுங்கள். சுட்ட பிறகு யாருடையது எது என்று சண்டை வரும்.

மீதி வேலை ஸ்டுடியோவுடையது. நன்றாகக் காய்ந்தபின் சுமார் 1000 டிகிரி செல்சியஸில் ஒரு சூளை, சுட்டால் கண்ணாடி போலப் படியும் மெருகு (கிளேஸ்) பூசி இரண்டாவது சூளை. கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். எல்லாம் முடிவதற்குள் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். காபி டம்ளர்தான் வேண்டுமென்றால் இப்போதே கொஞ்சம் பெரிதாக வனையுங்கள். மெருகு சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு ஏற்றதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.