ஒரு பேருந்து, நாற்பத்தைந்து பிள்ளைகள், ஒரு நாள்: பள்ளிச் சுற்றுலாவுக்கு முன்னேற்பாடு

பள்ளிச் சுற்றுலா என்றதும் பல ஊர்களில் போடும் திட்டம் இதுதான்: இரவு பத்து மணிக்குக் கிளம்பு, விடியும்போது ஊர் போய்ச் சேர், மூன்று நான்கு இடம் பார், மறுநாள் இரவே திரும்பு. தங்கும் செலவு மிச்சம். ஆனால் பகல் முழுக்கச் சாலையில் இருந்த ஓட்டுநர்தான் அந்த இரவிலும் ஓட்டுகிறார். அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை எவ்வளவு அனுபவசாலிக்கும் கண் செருகும். அதனால் முதல் விதி: பிள்ளைகள் இருக்கும் வண்டி இரவில் ஓடக் கூடாது. அதற்காக ஓர் இடத்தைக் கைவிட வேண்டியிருந்தால் கைவிடுங்கள்.

திருச்சியிலிருந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 45 பேர், ஆசிரியர்கள் 5 பேர், தஞ்சாவூர் பெரிய கோயிலும் கல்லணையும் என்று ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். காலை 6 மணிக்குக் கிளம்பினால் 7.30க்குத் தஞ்சாவூர். சிற்றுண்டி முடித்து 8.15 முதல் 10.15 வரை கோயில். பிறகு அரண்மனை அருங்காட்சியகம். 12.30க்குச் சாப்பாடு. 1.30க்குப் புறப்பட்டுத் திருக்காட்டுப்பள்ளி வழியாக 3 மணிக்குக் கல்லணை. மாலை 6 மணிக்குள் பள்ளி வாசல். இதோடு தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் இரண்டையும் சேர்த்தால் திரும்ப இரவு ஒன்பதாகும். சேர்க்காதீர்கள்.

கோயிலைக் காலையிலேயே முடிக்கச் சொல்வதற்குக் காரணம் தரை. செருப்பில்லாமல் நடக்கும் திறந்த வெளி அது. வெயில் ஏற ஏற உள்ளங்கால் சுடும், பிள்ளைகள் நிழல் தேடித் திசைக்கொருவராக ஓடுவார்கள், எண்ணிக்கை அங்கேதான் சிதறும். அரண்மனையில் தலைக்கு மேல் கூரை உண்டு, அதை உச்சிவெயில் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

தேதி குறிக்கும்போது காலண்டரைக் கையில் வையுங்கள். பிரதோஷத்தன்று மாலை பெரிய நந்தியைச் சுற்றிக் கூட்டம் நெரியும். ஐப்பசிச் சதய விழாவும் அப்படித்தான். ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல் நாட்களில் கல்லணைப் பக்கமே போக வேண்டாம். முகூர்த்த நாளையும் அதற்கு முந்தைய நாளையும் தவிர்க்கச் சொல்வது வேறொரு காரணத்துக்காக. அந்த இரவுகளில் வாடகைப் பேருந்துகள் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஓடும். விடியற்காலை உங்கள் பள்ளிக்கு வரும் ஓட்டுநர் தூங்கியே இருக்க மாட்டார்.

வண்டியும் ஓட்டுநரும்

வாடகை பேசும்போது தொகையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். டீசல், டோல், பார்க்கிங், ஓட்டுநர் பேட்டா இவற்றில் எது அடக்கம், எது தனி என்று எழுதி வாங்குங்கள். வண்டி எண்ணையும் முன்கூட்டியே வாங்கி எம்பரிவாஹன் செயலியில் போட்டுப் பாருங்கள்; எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எந்தத் தேதிவரை என்று தெரிந்துவிடும். கடைசி நேரத்தில் வேறு வண்டி வந்தால் அதையும் சோதித்த பிறகே பிள்ளைகளை ஏற்றுங்கள். ஆர்சி புத்தகத்தில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர்தான். நடைபாதையில் பிளாஸ்டிக் ஸ்டூல் போடுவதும், இரண்டு பேர் இருக்கையில் மூன்று பேரை நெருக்குவதும் கூடவே கூடாது. 50 பேருக்கு 50 இருக்கை கிடைக்காவிட்டால் கூட ஒரு வேன் பேசுங்கள்.

முந்தைய நாள் மாலை வண்டியை நேரில் பாருங்கள். அவசர வழிக் கதவை உள்ளிருந்து நீங்களே திறக்க வேண்டும். "திறக்கும் சார்" என்று கிளீனர் சொல்வது போதாது. பல வண்டிகளில் துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது அதன் குறுக்கே ஒரு சீட் இருக்கும். தீயணைப்பானின் முள் பச்சைக் கோட்டில் நிற்கிறதா, டயரில் பட்டன் தேய்ந்திருக்கிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் அதன் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முந்தைய இரவு 9 மணிக்கு மேல் வண்டி எடுக்கக் கூடாது என்று உரிமையாளரிடமும் ஓட்டுநரிடமும் தனித்தனியே சொல்லிவிடுங்கள். 5 மணி நேர வேலைக்கு நடுவே அரை மணியாவது ஓய்வு தர வேண்டும் என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொன்னது. நம் திட்டத்தில் ஓட்டும் நேரம் மொத்தம் நான்கு மணி அளவுதான். அரண்மனையில் பிள்ளைகள் இருக்கும்போது ஓட்டுநருக்கு முதலில் சாப்பாடு கொடுத்துப் படுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பை எடுக்க, தண்ணீர் எடுக்க என்று யாரும் வண்டிக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம்.

தண்ணீரும் கழிவறையும்

வெயிலில் மயங்கி விழுவது பெரும்பாலும் பெண் பிள்ளைகள். கழிவறை இருக்குமோ இருக்காதோ என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். கழிவறைக்கு எங்கெங்கே நிறுத்தப் போகிறோம் என்பதை முதல் நாளே வகுப்பில் நேரத்தோடு சொல்லிவிட்டால் இந்தப் பயம் பாதி குறையும். கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள்: 24 பெண் பிள்ளைகள், 3 கழிவறை, ஆளுக்கு 3 நிமிடம் என்றால் 24 நிமிடம் ஆகும். பத்து நிமிடம் என்று திட்டத்தில் எழுதினால் பாதிப் பேர் போகாமலே வண்டி ஏறுவார்கள். நாப்கின், பழைய செய்தித்தாள், ஒரு செட் மாற்றுடை, சோப்பு எல்லாம் ஓர் ஆசிரியையின் பையில் இருக்கட்டும். யாரிடம் கேட்க வேண்டும் என்பது எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குடிதண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் வைத்தால் 75 லிட்டர். 20 லிட்டர் கேன் நான்கு ஏற்றுங்கள். ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட்டை அதில் போட்ட அளவுப்படி, பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர் தண்ணீரில், முழுதாகக் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டிக் கரைத்தால் உப்பு அதிகமாகி உடம்புக்குக் கெடுதல்.

வாந்தி வருகிற பிள்ளைகளைப் பெற்றோர் கடிதத்திலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு முன் இருக்கைகளில் உட்கார வையுங்கள். வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பூரியும் ஆகாது. கிளம்பும் முன் ஒரு வாழைப்பழம், இரண்டு பிஸ்கட் போதும். கவரை இருக்கையிலேயே மாட்டி வையுங்கள்; ஒருவர் கீழே எடுத்துவிட்டால் அந்த வாடையில் இன்னும் நான்கு பேர் எடுப்பார்கள். மாத்திரை எதுவானாலும் பெற்றோர் எழுதிக் கொடுத்தால்தான் தர வேண்டும்.

காலைக்கு ஆளுக்கு மூன்று இட்லி, எண்ணெயில் குழைத்த பொடி. தேங்காய்ச் சட்னி வேண்டாம், புளித்துப்போகும். மதியத்துக்குப் புளிசாதமும் தயிர்சாதமும். 50 பேருக்கு மொத்தம் 6 கிலோ அரிசி சரியாக வரும். தயிர்சாதத்தில் பாலை அதிகமாகவும் தயிரைக் குறைவாகவும் ஊற்றினால் மதியம் பதமாக இருக்கும். எதையும் சூடாக மூடக் கூடாது. ஆவி வேர்த்துச் சாதம் ஊசிவிடும்.

எண்ணிக்கை

பிள்ளை தவறிப்போவதற்கு வழக்கமான காரணம், "அவன் இருக்கான் சார்" என்று பக்கத்துப் பையன் குரல் கொடுப்பது. அதனால் பெயர் கூப்பிட வேண்டாம். ஒன்பது பேருக்கு ஓர் ஆசிரியர், ஐந்து குழு. ஒவ்வொருவருக்கும் 1 முதல் 45 வரை நிலையான எண். வண்டி ஏறியதும் அவரவர் எண்ணை அவரவரே சொல்ல, குழு ஆசிரியர் முகம் பார்த்து டிக் அடிக்க வேண்டும். பிறகு இன்னொரு ஆசிரியர் முன்னிருந்து பின்னாகத் தலைகளை எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் ஓட்டுநரிடம் "போகலாம்" என்று சொல்ல வேண்டும், அதையும் ஒரே ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

பெரிய கோயிலில் 50 ஜோடிச் செருப்பை ஒவ்வொன்றாகக் கொடுத்து வாங்கினால் அரை மணி போய்விடும். குழுவுக்கொரு சாக்கு கொண்டுபோய், சாக்காகவே கொடுத்து வாங்குங்கள். உள்ளே போனதும் விமானத்தின் நிழலைப் பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். நிழலே விழாது என்று கேட்டு வந்திருப்பார்கள். காலை வெயிலில் 216 அடி விமானத்தின் நிழல் மேற்கே கிடப்பதைக் கண்ணால் பார்க்கட்டும். அடிப்பீடத்துக் கல்வெட்டில் தெரிந்த எழுத்து ஏதாவது இருக்கிறதா என்றும் தேடட்டும்.

கல்லணையில் எந்தப் பிள்ளையும் படியில் இறங்கக் கூடாது, கால் நனைக்கவும் கூடாது. கல்லணைக்குத் தண்ணீர் விடும் மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை திறந்திருக்கும். அந்த மாதங்களில் மேலே அமைதியாகத் தெரிந்தாலும் மதகுக்குப் பக்கத்தில் அடியிழுப்பு உண்டு. மற்ற மாதங்களில் மணல் பள்ளங்களில் தேங்கும் தண்ணீரின் ஆழம் வெளியே தெரியாது. குழு ஆசிரியர் தண்ணீருக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் நிற்கட்டும். அங்கே கால்மணிக்கு ஒருமுறை எண்ணுங்கள்.

பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, பெற்றோரின் இரண்டு தொலைபேசி எண்கள் உள்ள பட்டியல் ஒன்று வண்டியிலும் ஒன்று தலைமை ஆசிரியரிடமும் இருக்க வேண்டும். ஆம்புலன்சுக்கு 108, தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033, குழந்தைகள் உதவிக்கு 1098. கல்லணை தாண்டியதும் பெற்றோர் குழுவுக்குச் செய்தி போட்டுவிட்டால் 6 மணிக்கு வாசலில் ஆள் இருக்கும். யார் வந்து அழைத்துப்போனார்கள் என்று அதே பட்டியலில் கையெழுத்து வாங்குங்கள்.