ஊட்டி, குன்னூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஆங்கில மரபுத்தொடர்: முதல் பாடம்

ஹோம்ஸ்டே, டாக்ஸி, டீத்தூள் கடை என்று சீசன் வேலையில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம் ஓரளவு வந்துவிடும். 'ஹவ் மச்', 'திஸ் வே சார்' எல்லாம் சரளம். வந்தவர் ஒரு மரபுத்தொடரை எடுத்துவிட்டால்தான் முழிக்கிறோம். ஒவ்வொரு சொல்லும் தெரியும், சொன்னது மட்டும் பிடிபடாது. இதற்காக நூற்றுக்கணக்கான தொடர்களை அகரவரிசையில் அடுக்கிய புத்தகத்தை மனப்பாடம் செய்வது வீண் வேலை. சுற்றி இருப்பதிலிருந்தே தொடங்கலாம்.

படி 1: ஒரு நோட்டு, பக்கத்துக்கு ஒரு சங்கதி

முதல் பக்கத்தில் 'டீ' என்று எழுதுங்கள். 'நாட் மை கப் ஆஃப் டீ' என்றால் அது என் ரசனைக்கு ஒத்துவராது என்று பொருள். 'ட்ரெக்கிங் இஸ் நாட் மை கப் ஆஃப் டீ' என்பவருக்கு டீ கொண்டுவர ஓடாதீர்கள். பொட்டானிக்கல் கார்டனுக்கு அழைத்துப் போங்கள். அடுத்தது, 'ஸ்டார்ம் இன் எ டீகப்': அற்ப விஷயத்துக்குப் பெரிய ரகளை. அமெரிக்கர்கள் இதையே 'டெம்பஸ்ட் இன் எ டீபாட்' என்பார்கள்.

படி 2: எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீராவி எஞ்சினைப் பார்த்திருப்பீர்கள். பாய்லரில் அழுத்தம் கூடினால் ஆவியை வெளியே விட்டாக வேண்டும். மனிதர் அடக்கிவைத்த கோபத்தையோ துள்ளலையோ கொட்டித் தீர்ப்பது 'லெட் ஆஃப் ஸ்டீம்'. பாதியிலேயே தெம்பு தீர்ந்து ஓய்வது 'ரன் அவுட் ஆஃப் ஸ்டீம்'. ஊட்டி வரை போகும் அந்தப் பாதையில் 16 குகைகள் இருப்பதால் 'லைட் அட் தி எண்ட் ஆஃப் தி டனல்' என்பதை நமக்கு விளக்கவே வேண்டாம்: கஷ்டம் முடியப்போகிறது என்ற நம்பிக்கை.

ஊட்டிக்கே நெருக்கமானது ஒன்று உண்டு. ஸ்னூக்கர் ஆட்டத்தை 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கினார் (பிற்பாடு பிரிட்டிஷ் பிரதமரானவர் வேறு ஆள்). அதன் விதிகளை எழுதி மாட்டியது 1880-களில் ஊட்டி கிளப்பில். அடிக்க வேண்டிய பந்துக்கு நேராக வேறொரு பந்து மறித்து நின்றால் ஆட்டக்காரர் 'ஸ்னூக்கர்ட்' ஆகிவிட்டார். எந்தப் பக்கமும் நகர முடியாமல் மாட்டிக்கொண்டவரும் 'ஐ ஆம் ஸ்னூக்கர்ட்' என்கிறார். பிரிட்டனிலிருந்து வருபவர் வாயில் கேட்கலாம்.

படி 3: மலைக்காரர்கள் வழுக்கும் இடங்கள்

இங்கேதான் நிதானம் வேண்டும். நமக்கு மேடும் பள்ளமும் அன்றாடப் பேச்சு. 'கீழே போறேன்' என்றால் மேட்டுப்பாளையமோ கோவையோ. ஆங்கிலத்தில் 'பிசினஸ் இஸ் கோயிங் டவுன்ஹில்' என்றால் வியாபாரம் படுத்துக்கொண்டே போகிறது. 'இட்ஸ் ஆல் டவுன்ஹில் ஃப்ரம் ஹியர்' இன்னும் மோசம். இனி எல்லாம் சுலபம் என்றும் பொருள், இனி எல்லாம் நாசம் என்றும் பொருள். சொன்னவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

'மை ஹவுஸ் இஸ் ஓவர் தி ஹில்': வீடு மலைக்கு அந்தப் பக்கம், தவறில்லை. 'மை பாஸ் இஸ் ஓவர் தி ஹில்' என்றால் முதலாளிக்கு வயசாகிவிட்டது, இனி அவரால் ஆகாது என்று ஊருக்கே அறிவித்தாயிற்று. அவர் மலைக்கு அந்தப் பக்கம்தான் போயிருக்கிறார் என்றால், எந்த ஊருக்கு என்று பெயரைச் சொல்லிவிடுங்கள்.

டிரைவர் அண்ணன்களுக்குத் தனியாக ஒன்று. 'ஐ டுக் தெம் ஃபார் எ ரைடு' என்று மொட்டையாகச் சொன்னால் 'அவங்களை நல்லா ஏமாத்திட்டேன்' என்றும் காதில் விழும். 'ஐ டுரோவ் தெம் டு தொட்டபெட்டா' என்பது பத்திரம்.

படி 4: எது மாறும், எது மாறாது

'நாட் மை கப் ஆஃப் டீ'யில் 'மை' மட்டும் 'ஹிஸ்', 'ஹெர்' என்று மாறும். 'கப்' மாறவே மாறாது. நாம் கிளாஸில் குடிக்கிறோம் என்பதற்காக 'கிளாஸ் ஆஃப் டீ' என்று சொல்லக்கூடாது. நோட்டில் மாறும் சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போதும்.

படி 5: நம் பழமொழியோடு சேர்த்துக் கட்டுங்கள்

'கேரி கோல்ஸ் டு நியூகாசில்': இங்கிலாந்தில் நியூகாசில் ஒருகாலத்தில் நிலக்கரிக்குப் பேர்போன ஊர், அங்கேயே நிலக்கரி கொண்டுபோவது. நம் கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். (குன்னூருக்கு டீத்தூள் பரிசு கொண்டுவரும் சொந்தக்காரரையும் இதில் சேர்க்கலாம்.) 'மேக் எ மவுண்டன் அவுட் ஆஃப் எ மோல்ஹில்': ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவது. எல்லாவற்றுக்கும் இப்படி ஜோடி அமையாது. அமையாததை இழுத்துக் கட்ட வேண்டாம்.

படி 6: முதலில் காது, அப்புறம் வாய்

ஒரு தொடரை இரண்டு மூன்று பேர் சொல்லிக் கேட்ட பிறகு நீங்கள் சொன்னால் போதும். 'கிக் தி பக்கெட்' என்றால் இறந்துபோவது. ஆனால் நம் 'மண்டையைப் போட்டார்' தரத்தில் உள்ளது, துக்க வீட்டில் வாயே திறக்கக்கூடாது. 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது, பேச்சில் அரிது. ஜூலை மழைக்கு 'இட்ஸ் போரிங்' (pouring, கொட்டுகிறது) போதும். அதுவே இயல்பாக இருக்கும்.

இந்த வாரப் பயிற்சி: கீழே உள்ளவற்றுக்குப் பொருளைத் தமிழில் எழுதுங்கள். யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

1. தி டிரைவர் வாஸ் லெட்டிங் ஆஃப் ஸ்டீம்.
2. ஷாப்பிங் இஸ் நாட் ஹெர் கப் ஆஃப் டீ.
3. வீ வேர் டேக்கன் ஃபார் எ ரைடு.