நீலம் பூத்த உளி

சுங்கை சிப்புட்டில் வீட்டுக்குப் பின்னால் சின்ன லேத் போட்டு, ரப்பர் மரத்தில் சதுரங்கக் காய் கடைகிறேன். காயின் கழுத்தில் நூல் மாதிரி வளையம் எடுக்கக் கடையில் வாங்கிய உளிகள் எல்லாமே தடிமன். பழைய முக்கோண அரத்தைச் சாணையில் தேய்த்து நானே ஒன்று செய்தேன். இரண்டே காயில் முனை மழுங்கிவிட்டது.

பார்த்தால், முனை நீலம் பூத்திருக்கிறது. சாணையில் அவசரப்பட்டு அழுத்தியிருக்கிறேன். 300 டிகிரியை ஒட்டிச் சூடேறினால்தான் அந்த நீலம் வரும். அரத்தின் கார்பன் எஃகு அதற்குள் கடினம் குறைந்து மென்மையாகிவிடும்.

சரி, முதலிலிருந்து. முனையை கேஸ் டார்ச்சில் செக்கச் சிவக்கக் காய்ச்சினேன். காந்தம் ஒட்டாமல் போனதும் சமையல் எண்ணெயில் முக்கினேன். குப்பென்று தீ எழும்பும், வாசலில் வைத்துச் செய்யுங்கள். இப்போது அது கண்ணாடி மாதிரி, தட்டினால் உடையும். அப்படியே லேத்தில் வைத்தால் சில்லு கண்ணுக்குத்தான் வரும். அதனால் முனையைப் பளிச்சென்று தேய்த்து, அடுப்பு ஓவனில் 200 டிகிரியில் ஒரு மணி நேரம். வெளிர் வைக்கோல் நிறம் வந்தது. வீடெல்லாம் எண்ணெய்ப் புகை நாற்றம். மனைவி இரண்டு நாள் கேக் சுடவில்லை.

இந்த முறை சாணையில் தொட்டுத் தொட்டுத் தண்ணீரில் நனைத்தேன். பிறகு 1000 நம்பர் தீட்டுக்கல். பின்பக்கம் நகத்தில் தட்டுப்பட்ட பிசிறைப் பழைய பெல்ட் தோலில் இழுத்து எடுத்தேன். நேற்று 16 சிப்பாய் கடைந்தேன், நடுவில் ஒரே ஒரு முறைதான் தோலைத் தொட்டேன்.